தேவாங்கு இருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டாளாம்

இன்று மாலை திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் ஆபீஸ் தேவி. நேற்றுதான் முதல்முறையாகச் சேஷாசலம் காட்டுக்குள் போய் வந்திருக்கிறாள்.

"அக்கா, தேவாங்கு பாத்தேன்! கிளைய புடிச்சிக்கினு எங்களையே பாத்துக்கினு இருந்துச்சி."

நான் வருடக்கணக்காக அந்தக் காட்டில் அலைகிறேன். ஒரு தேவாங்குகூட என் கண்ணில் பட்டதில்லை.

"போட்டோ காட்டு" என்றேன்.

"எடுக்கலக்கா. ஃபிளாஷ் அடிச்சா அதோட கண்ணுக்கு ஆவாதாம்."

சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது.

"எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லு தேவி. ஞாயித்துக்கெழம போயி பாத்துட்டு வரேன்."

"ஊஹும். எடத்த வெளிய சொன்னா கூட்டம் சேந்து அத தொரத்திடும்னு நீதானக்கா ஆபீஸ்ல எல்லாருக்கும் கிளாஸ் எடுத்த?"

எடுத்தேன்தான். பாகாலா வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளோ இறங்கும்வரை அதன் கண்ணழகைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

நம் பேச்சை ஒருத்தி இவ்வளவு ஒழுங்காகக் கேட்டதற்குச் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

அந்த இடம் தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் போட வேண்டாம், கூட்டம் சேர்ந்துவிடும். இன்பாக்ஸுக்கு வாருங்கள்.