ஒரு சாண் குறைந்த சுவரடிப் பட்டை

தரை போட்டு முடிந்தபின் சுவரின் அடியைச் சுற்றி ஓடும் பட்டையை இன்று ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். கழுவும் நீர் சுவரின் வெள்ளையைக் கெடுக்காமல் காப்பதே அதன் பணி. சென்ற மாதம் என் வீட்டில் ஓடு பதித்தவர்கள் அதை ஓர் இடமும் விடாமல் பதித்துச் சென்றார்கள். என் இளமையில் ஓர் இடம் விடப்பட்டது.

மாரண்டஹள்ளிக்கு அருகே எங்கள் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றில் நீர் இறைக்கும் முறைக்காகச் சண்டையிட்டுப் பாகம் பிரித்தபோது, நீண்ட கூடத்தின் குறுக்கே சுவரொன்று எழுந்தது, பேச்சும் நின்றது. கழுவும் நீர் வெளியேறும் வழி சித்தப்பா பக்கம் இருந்தமையால், சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு விட்டிருந்தார்கள். பிறகு எங்களுக்கும் தனி வழி அமைந்தது. ஆண்கள் திறப்பை மறந்தார்கள்.

பெண்கள் மறக்கவில்லை. எங்கள் பக்கம் அதை ஒரு மரப்பெட்டி மறைத்திருந்தது. அப்பா வயலுக்குப் புறப்பட்டதும் பெட்டிக்குப் பின்னால் வளையல் ஒலிக்கும். சித்தியின் கை ஒரு கிண்ணம் புளிச்சக்கீரைக் கடைசலை நீட்டும். அம்மாவின் கொள்ளுக்குழம்பு அந்தப் பக்கம் போகும். எல்லார் வீட்டுச் சுவரும் குழம்பு தரும் என்று நான் நம்பியிருந்த வயது அது. "அப்பாகிட்டச் சொன்னீன்னா அப்பறம் கிண்ணம் வராது" என்று அம்மா சொன்னதே என் வாயைக் கட்டப் போதுமானதாக இருந்தது.

அவ்வாண்டு சித்தப்பா தம் பக்கத்துக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டு, அரையடி உயரத்துக்குக் கறுப்புப் பட்டையும் ஓட்டினார். அப்பா பொறுப்பாரா? அதே கொத்தனாரை அழைத்துவந்தார்.

"அவன் அரையடின்னா நம்முளுக்கு முக்காலடி போடுங்க மேஸ்திரி!"

தரை பூசியபோது அம்மா திறப்பில் சாக்கைத் திணித்துச் சமாளித்தார். காய்ந்ததும் பெட்டி பழைய இடத்துக்குத் திரும்பியது. பட்டையோ சாக்குக்கு ஏமாறாது. மூன்று சுவரை முடித்து நான்காவதில் ஊர்ந்து, பெட்டியை நெருங்கியது.

"அந்த எடத்த வுட்டுடுங்க மேஸ்திரி. பொட்டிய நவுத்த முடியாது" என்றார் அம்மா.

"ஏன், உங்கொப்பன் வூட்டுத் தங்கம் உள்ள இருக்குதா?" என்றார் அப்பா.

"தங்கம் இருந்திருந்தா அதையும் இந்நேரம் பாகம் பிரிச்சிருப்பீங்களே!"

கொத்தனார் கரண்டியைத் தட்டியபடி சிரித்தார். "அட, அடுத்த வூட்லயும் இதே எடந்தானுங்கண்ணா. அந்த அக்காவும் ஒரு பொட்டிய வெச்சுக்கிட்டு நவுத்தவே வுடலீங்க."

அம்மாவின் முகம் வெளுத்தது. சுவருக்கு அப்பால் இதுவரை கேட்டுக்கொண்டிருந்த வளையலும் அடங்கியது. இனிக் கீரை இல்லை என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்பா பெட்டியையே பார்த்து நின்றார். அதன் மேல் ஒரு கையை வைத்தார். நகர்த்தவில்லை.

"கனமாத்தான் இருக்குது. அந்த எடம் மட்டும் அப்பிடியே கெடக்கட்டும் மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

அன்று நண்பகல் களியும், விடியலிலேயே சுவர் வழி வந்துவிட்ட கடைசலும் பரிமாறப்பட்டன. அப்பா வழித்து உண்டார். பிறகு வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: "புளிச்சக்கீர கடையறதுல உன் கைய அடிச்சிக்க ஆளில்ல!"

அம்மா தம் வாழ்நாளில் புளிச்சக்கீரை கடைந்தவரல்லர். எவர் கைச்சுவை என்றுகூட அறியாத அப்பாவை எண்ணி நான் மிகவும் இரங்கினேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. அருகில் அமர்ந்திருந்த அம்மாவிடம் சொல்லவேண்டியதை, சுவரின் பக்கம் முகம் திருப்பி, அவ்வளவு உரக்க ஏன் சொன்னார்?