ஸ்கேனர் தள்ளிய கார்ட்டன்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். புதிதாக வந்த பார்கோடு ஸ்கேனர் எனக்குப் பெரிய தொல்லை. கார்ட்டனில் உள்ள பார்கோடு ஓடுகிற மருந்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் காற்றடித்து ரிஜெக்ட் ட்ரேயில் தள்ளிவிடும். அச்சு கொஞ்சம் மங்கியிருந்தாலும் தள்ளும்.

அன்று பத்து மில்லிகிராம் பிரஷர் மாத்திரை ஓடியது. மதியத்துக்குள் லோடு தம்பானூர் ரயில்வே பார்சல் ஆபீசுக்குப் போக வேண்டும். ட்ரே நிறைந்துகொண்டே இருந்தது. எல்லாம் மங்கல் அச்சுதான் என்று நினைத்து, இரண்டு கை நிறைய கார்ட்டன்களை அள்ளி, ஸ்கேனரைத் தாண்டி லைனில் வைத்துவிட்டேன்.

லோடு போன பிறகு ட்ரேயைத் துடைத்த ஜெஸி என்னிடம் வந்தாள். பாறசாலையிலிருந்து வேலைக்கு வருபவள், அதிகம் பேச மாட்டாள். கையில் ஒரு கார்ட்டன்.

"சார், இதுல அஞ்சுன்னு போட்டிருக்கு. நம்ம ஓட்டினது பத்தாக்கும்."

அச்சகத்தில் கட்டு கட்டும்போதே ஐந்து மில்லிகிராம் மாத்திரையின் அட்டை கலந்திருக்கிறது. ஓரக் கோட்டின் நிறமும் அந்த எண்ணும்தான் வித்தியாசம். நான் திருப்பி வைத்ததில் எத்தனை ஐந்து இருந்ததோ? அட்டையை நம்பி, ஐந்துக்குப் பதில் பத்தை விழுங்குகிறவர் தலைசுற்றி விழலாம். பேசாமல் இருந்துவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது.

"நீங்க எடுத்து வெச்சத நான் கண்டேன். மேடத்துக்கிட்ட நீங்களே பறஞ்சா நல்லது," என்றாள் ஜெஸி.

குவாலிட்டி மேனேஜர் ராதாமணி மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்ர எண்ணம் திரும்பி வெச்சீங்க?" என்று மலையாளம் கலந்து எண்ணிக்கையை மட்டும் கேட்டார்.

"எண்ணலை, மேடம்."

உடனே பார்சல் ஆபீசுக்கு போன் செய்து லோடை நிறுத்தச் சொன்னார். நான் கடிதத்தோடு ஆட்டோவில் ஓடினேன். பெட்டிகள் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தன. திரும்பக் கொண்டுவந்து, மறுநாள் முழுக்க ஒவ்வொரு கார்ட்டனாக ஸ்கேனரில் விட்டோம். காலையில் ஒரு ஐந்து விழுந்தது. சாப்பாட்டுக்குப் பின் இன்னும் இரண்டு. ஒவ்வொன்று விழும்போதும் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

மெமோ வந்தது. ஆறு மாதம் சூப்பர்வைசர் வேலை இல்லை. ஜெஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கார்ட்டன் மடித்தேன். ரிஜெக்ட் ட்ரேக்குப் பூட்டு போட்டு, சாவியை குவாலிட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்கேனர் பல தடவை வீணாகத் தள்ளும். வீணாகத் தள்ளாதது எது என்று அவசரத்தில் நம் கண்ணுக்குத் தெரியாது. தள்ளியதைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டீர்களானால், ரயில் கிளம்புவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள்.