கமலாவை நான் நிறுத்தி வைத்தேன்

சொல்லவே கூசுகிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், ஜொகூர் பக்கத்துப் பாசிர் கூடாங்கில் எங்கள் கம்பெனி சின்னது. தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் அட்டவணை போடும் மென்பொருளை விற்றோம். அதை எழுதியவள் கமலா. சம்பள மென்பொருள் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்க வந்தது. அதே வாரம் கமலாவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவ போயிட்டா வாங்க மாட்டாங்க. கையெழுத்து ஆகுற வரைக்கும் பிடிச்சு வை. அப்புறம் அவ வேலைய அவங்க ஆளுங்களே பார்த்துக்குவாங்க, அவள அனுப்பிடுவாங்க. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

நான் தலையாட்டினேன். கமலாவிடம் போய், "தினமும் சிங்கப்பூர் போற பாலத்துல ஜாம்ல நிக்கிறது எதுக்கு லா? இங்கயே இரும்மா, பெரிய ஆளா வருவ" என்றேன். நம்பிவிட்டாள். சிங்கப்பூர் வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டாள்.

கையெழுத்தான மூன்றாம் வாரம் அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். "நாம ஒரே குடும்பம்" என்று கேக் வெட்டிய முதலாளி அன்று அறைக்கதவைத் திறக்கவே இல்லை. எனக்கு அந்தக் கதவை எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

மேசையைக் காலி செய்தபடி கமலா கேட்டாள். "அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அலமாக், சத்தியமா தெரியாதும்மா!"

"அதான பார்த்தேன். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க" என்றவள், முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். நானும் திட்டினேன், அவளைவிடச் சத்தமாக.

"விடுங்கண்ணே, உங்க உடம்புக்கு ஆகாது" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த மனுஷன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த ஆறுதலை நினைக்கும்போதுதான் என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.