மண்டோர் நெற்றியில் மரவள்ளி

போன வாரம் முழங்கால் வலிக்காக ராசா கிளினிக்குக்குப் போனேன். நர்ஸ் பெண் கேட்டாள்: "பாட்டி, வலிக்குப் பத்துல எத்தனை மார்க் குடுப்பீங்க?"

வலிக்குக்கூட மார்க்கா? இதை என் மாமனார் கேட்டிருக்க வேண்டும்...

அவர் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். நான் புது மருமகள். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் வரிசையாக நிற்கும்போது யாராவது "வலிக்குது" என்றால், புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் லயத்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் படுக்கலாம். சுடாவிட்டால் ரப்பர் பால் வெட்டப் போக வேண்டியதுதான். வயிற்றுவலி, இடுப்புவலி எல்லாம் அவர் அகராதியிலேயே கிடையாது.

அந்த வருஷம் மலேரியா தோட்டத்தையே படுக்க வைத்தது. காய்ச்சல்காரர்களுக்கு மட்டும்தான் கட்டிலும் மருந்தும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டினார்கள். தெர்மாமீட்டர் உடைந்துபோயிருந்ததால், அங்கே வைத்தியம் பார்த்த டிரஸ்ஸரும் மாமனாரின் புறங்கை முறையையே பிடித்துக்கொண்டார். இப்போது இதைத்தான் கைட்லைன் என்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமனாருக்குக் கன்னத்தில் புற்று. வெற்றிலை அதக்கும் பக்கம். குணமாகாது என்று டிரஸ்ஸரே சொல்லிவிட்டார். வலியையாவது அடக்கலாமே? அலமாரியில் அபின் கலந்த மருந்து ஒரு போத்தல் இருந்தது. டிரஸ்ஸர் நெற்றியைத் தொட்டார்.

"சுடலியே மண்டோர். மேல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

வீட்டுக்கு வந்தவருக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கஞ்சிகூட இறங்கவில்லை. அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பாவமாகவும்.

மறுநாள் அஞ்சலை வந்தாள். பால் வெட்டுகிறவள், அவரிடம் திட்டு வாங்குவதில் முதலிடம். கையில் ஒரு துணிமூட்டை. உள்ளே அப்போதுதான் அவித்த மரவள்ளிக்கிழங்கு. அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாத காலம், சாப்பிடத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவளோ அதை மாமனார் நெற்றியில் வைத்து ஒற்றினாள்.

"அசையாதீங்க மண்டோரய்யா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒத்திக்கிட்டே போவணும். ஆறினா போச்சு."

ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் தொட்டார். நன்றாகவே சுட்டது. புருவத்தில் ஒட்டியிருந்த கிழங்குத் துணுக்கைத் தட்டிவிட்டு, "காய்ச்சல் கேஸ்" என்று எழுதிக்கொண்டார். மருந்து இறங்கியது. மாமனார் தூங்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு... நான் அழுதேவிட்டேன்.

விழித்ததும் முதலில் எழுந்தது மண்டோர் மூளைதான்.

"ஏம்புள்ள அஞ்சல... அப்ப பெரட்டுல இத்தன நாளா எனக்குக் காட்டுனதெல்லாம் மரவள்ளிக் காய்ச்சலா?"

அஞ்சலை தலை குனிந்தாள்.

"வலி எங்களோடதுதான்யா. சொன்னா நீங்க நம்பல. சூடு மட்டுந்தான் கிழங்கோடது."

மாமனார் அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை, அன்று பார்த்தேன்.

"எத்தனை, பாட்டி?" நர்ஸ் பெண் மறுபடியும் கேட்டாள்.

"ஏழு" என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்காமலே எழுதிக்கொண்டாள்.

நல்லவேளை... கிழங்கு அவிக்கிற வேலை மிச்சம்.