மந்தாரையின் மதில் பக்கம்

புனேயில் டிசம்பர் காலைகளுக்கு ஒரு மயக்கம் உண்டு. ஹிஞ்சேவாடி போகும் ஆபீஸ் கேபுக்காகக் கேட்டில் நிற்பேன். பனி விலகியிருக்காது. அரைத் தூக்கத்தில் பார்த்தால் மரங்கள் தரையைத் தொடாமல் மிதக்கிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு காலையில்தான் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டி மரம் ரோட்டுப் பக்கம் முழுக்க ஊதாவாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன். எத்தனை அழகு! மறுகணமே உறைத்தது. ஆத்திக்கு ஏது ஊதாப் பூ?

அது ஆத்தி என்று அடித்துச் சொன்னவள் நான். தசராவன்று இங்கே ஆத்தி இலையைத் 'தங்கம்' என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? எங்கள் மரத்திலும் நுனி பிளந்த இலை. கோயம்புத்தூர்க்காரி நான் பார்க்காத ஆத்தியா? வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆளாளுக்குக் கட்டைவிரல் காட்டிவிட்டு, மதிலுக்கு உள்பக்கத்துக் கொம்புகளை மொட்டையடித்தார்கள். ஆத்தி இலை சின்னது, பூவும் வெளிர் மஞ்சள். இது மந்தாரை. மொட்டு விடும் நேரத்தில் முறித்திருக்கிறோம்.

மதிலைப் பார்த்த ஜன்னல் முதல் மாடிப் பெண்ணுடையது. மராட்டிக்காரி, புதிதாகக் குடிவந்தவள். பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவன் வேலைக்குப் போனால் நாளெல்லாம் அவளும் அந்த ஜன்னலும்தான். எங்களுக்குள் ஹிந்தி; அக்கா என்பதற்குத் 'தீதி' என்பாள். "இந்த மரம் பூத்துட்டாப் போதும் தீதி, பார்த்துக்கிட்டே மாசத்தைத் தள்ளிடுவேன்" என்று முன்பே சொல்லியிருந்தாள். அவளிடமே ஒரு கொத்தைத் தங்கம் என்று நீட்டியிருக்கிறேன். என் திமிரை நினைத்து அன்றைக்கு ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

மாலையில் மாடி ஏறினேன். அவள் ஜன்னலில் வெறும் குச்சிகளும் வெளுத்த வானமும். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "நீங்க இலையைக் கையில வெச்சப்பவே இது ஆத்தி இல்லைன்னு தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?" எனக்குக் கோபமே வந்தது.

"அன்னிக்குத் தங்கம்னு எடுத்துக்கிட்டு மாடி ஏறி வந்தது நீங்க ஒருத்தர்தான். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அத்தனை பேருக்கு மரத்தைக் காட்டிய என் கதவையும் அன்று யாரும் தட்டவில்லை. அதை அவளிடம் சொன்னேன்.

கட்டிலில் மெல்ல நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.