காக்கைச் சோறும் எங்கள் நாயும்

நாய் திருடிவிட்டது என்று சொல்வது சுலபம். அதற்குத் திருடக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால்தான் எல்லோரும் விட்டத்தைப் பார்ப்போம்.

அப்போது எனக்குக் கிடர்பூர்த் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. பவானிபூரில் ஒரு வங்காள விதவை அம்மாளின் வீட்டில் குடியிருந்தோம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவர் சமையலறை, இந்தப் பக்கம் எங்களுடையது. நாங்கள் அவரை மாஷிமா என்போம், பெரியம்மா மாதிரி. அவர் என் மனைவியை பௌமா என்பார், மருமகளே என்று. அந்தத் தெருவில் அவளுக்குத் தமிழ் பேச ஆள் கிடையாது. நான் ஆபீஸ் போனபின் அவள் பேசுவதெல்லாம், தானாக வந்து ஒட்டிக்கொண்ட ஒரு செவலை நாயோடுதான். "இன்னிக்கு மிளகு ரசம், தெரியுமோ?" என்பாள். அது காதை ஆட்டும்.

அந்த நாய் ஒரு நாள் மாஷிமாவின் சாதத்தில் வாய் வைத்துவிட்டது. அவருக்கு ஒரு வேளைதான் சோறு. ஆறட்டும் என்று துணியால் மூடிச் சன்னல் திட்டில் வைத்திருந்தார். நாய் தொட்டதைச் சாப்பிட முடியாது; அன்றைக்கு மறுபடி உலை வைப்பதும் அவர் வழக்கத்தில் இல்லை. வாழைப்பழத்தோடு கிடந்தார், பாவம். மறுவாரமும் அதே கூத்து.

"பௌமா, என் வயிற்றை உன் நாய்க்கு நேர்ந்து விடவில்லை. இன்னொரு தடவை நடந்தால் அது இங்கே இருக்கக் கூடாது" என்றார்.

கிடர்பூரில் கிடங்குக் காவல்காரன் ஒருவன் நாய் கேட்டுக்கொண்டிருந்தான். கொடுத்துவிடலாம் என்றேன். அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

சரி, பழக்கிப் பார்ப்போம் என்று எங்கள் சன்னல் திட்டில் தோசையை வைத்துவிட்டு நான் தடியோடு உட்கார்ந்தேன். நாய் தோசையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு சமர்த்து பாருங்கோ!" என்றாள். அப்புறம் ஏன் அங்கே போய்த் திருடுகிறது?

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரிந்தது. அவள் அப்பா தவறிய வருஷம் அது. காக்கைக்கு வைக்காமல் அவள் வாயில் பருக்கை போகாது. சன்னல் திட்டில் சோற்றை வைத்து "கா, கா" என்று கூப்பிட்டாள். காக்கை வந்தது, கத்தியது, கொத்தியது, பறந்தது. உடனே நாய் தாவி ஏறி மிச்சத்தை நக்கியது. "காக்கைக்கு மிஞ்சியது பைரவருக்கு" என்று வழக்கம்போல் சிரித்தோம். அதே காக்கை முற்றத்தைத் தாண்டி மாஷிமா சன்னலில் உட்கார்ந்து கத்தியது. நாய் வாயை நக்கிக்கொண்டே அங்கே ஓடியது. அவள் பின்னாலேயே ஓடிக் கழுத்தைப் பிடித்தாள்.

"ஏன்னா, இது திருடலை! காக்கா கத்தினா சாப்பாடுன்னு நாமதானே சொல்லிக் கொடுத்திருக்கோம்!"

"அப்போ காக்கைக்கு வைப்பதை நிறுத்து."

"எங்கப்பாவைப் பட்டினி போடச் சொல்றேளா?"

அவளே வழி கண்டாள். நாய்க்கென்று தரையில் ஒரு மண்சட்டி. காக்கை தின்று பறக்கும்வரை நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருவாள்; பிறகு சட்டியில் சோறு. முதலில் அது அழுதது, எச்சில் வடித்தது. "ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா?" என்று அதட்டுவாள். நான் ஓயாமல் சொல்கிற பழமொழி. என்னிடம் பலிக்காதது நாயிடம் பலித்தது. போகப் போக, காக்கை கத்தினால் சட்டியைத் தேடிப் போய் உட்காரப் பழகிவிட்டது.

மாஷிமா நம்பவில்லை. ஒரு நாள் தன் சாதத்தைத் துணியால் மூடித் திட்டில் வைத்து, கதவையும் திறந்து போட்டு, ஜபமாலையோடு முற்றத்தில் நின்றார். இது பிசகினால் அவருக்கு அன்றைக்குச் சோறில்லை, எங்களுக்கு நாயில்லை. காக்கை வந்து கத்தியது. நாய் எழுந்தது. என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அது அந்தச் சன்னலை அண்ணாந்து பார்த்தது, வாலை ஆட்டியது, பிறகு திரும்பி வந்து காலிச் சட்டிமுன் உட்கார்ந்தது.

மாஷிமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். பிறகு நெய் மணக்கும் ஒரு பிடி சோற்றோடு வந்தார். இடுப்பைப் பிடித்தபடி சிரமப்பட்டுக் குனிந்தார்.

"சட்டியில்தான் போடுகிறேன், பௌமா. பார்த்துக்கொள்" என்றார்.