முதல் முடி வெட்டியவன்

என் தம்பி சபீனோ லா ஹோயா விமானத்தளத்தில் மெக்கானிக். எண்பத்திரண்டில், தென்கோடிக் கடலில் கிடக்கும் மால்வினாஸ் தீவு யாருக்கு என்று அர்ஜென்டினாவும் இங்கிலாந்தும் அடித்துக்கொண்டபோது, எங்கள் பெரு தன் போர் விமானங்களைச் சத்தமில்லாமல் அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது. வாலிலிருந்த எங்கள் சிவப்பைச் சுரண்டிவிட்டு அவர்களுடைய வான்நீலத்தை அடித்தவர்களில் இவனும் ஒருவன். பிறகு விமானங்களோடு இவனையும் அனுப்பினார்கள்.

"ஊரான் தீவுக்கு நீ ஏன்டா போய்ச் சாகணும்?" என்று கத்தினேன்.

"ஊரானா? அவங்க நம்ம ரத்தம்க்கா. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவங்கதானே வந்து நிப்பாங்க."

விமானங்கள் ஒரு குண்டு போடுவதற்குள் அவர்கள் தோற்றுவிட்டார்கள். சபீனோ முழுசாகத் திரும்பினான். அடுத்த வருடம் அர்ஜென்டினாவிலிருந்து நன்றி சொல்ல வந்த கூட்டத்தோடு, அங்கே அவனோடு வேலை பார்த்த ஒரேஸ்தேயும் வந்தான்.

சபீனோவின் மகன் வில்பெருக்கு அப்போது ஆறு வயது. முதல் முடி இறக்கவில்லை, சடை இடுப்பைத் தொட்டது. எங்களில் முதல் கற்றையை வெட்டுகிறவன் பிள்ளைக்கு இரண்டாவது அப்பன். பெற்றவனும் அவனும் சாகும்வரை ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கூடப் பிறந்தவன் மாதிரி. அந்த இடம் என் புருஷனுக்கு என்று பேசி வைத்திருந்தது. வெள்ளைத் தோலைக் கண்டதும் பேச்சு மாறிவிட்டது! கத்தரிக்கோலைப் பிடித்த ஒரேஸ்தே தேம்பித் தேம்பி அழுதான்.

"இவனுக்கு ஒரு ஆபத்துன்னா நான் இருக்கேன், கொம்பாத்ரே."

சபீனோவின் மனைவி நியேவெஸ் அந்தக் கற்றையை அர்ஜென்டினாக் கொடியின் நீல வெள்ளை நாடாவில் கட்டி, மாதா படத்தின் கீழே தொங்கவிட்டாள்.

தொண்ணூற்றைந்தில் செனேபா காட்டில் ஈக்வடாரோடு எங்களுக்குச் சண்டை மூண்டது. வில்பெர் பட்டாளத்தில் இருந்தான். பிள்ளை உயிரோடு வந்தால் போதும் என்பதைத் தவிர சபீனோவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரேஸ்தேக்குப் போன் போட்டான்.

"தினம் மாதாவுக்கு மெழுகுவத்தி வைக்கிறேன், கொம்பாத்ரே," என்றான் ஒரேஸ்தே.

பிள்ளை பெட்டியில்தான் வந்தான். குண்டு விழுந்த உடம்பு என்று மூடியைத் திறக்க விடவில்லை.

புதைத்துக் கொஞ்ச நாளில் ரேடியோவில் சொன்னார்கள்: சண்டை நடக்கும்போதே அர்ஜென்டினாவிலிருந்து ஈக்வடாருக்கு விமானத்தில் துப்பாக்கியும் குண்டும் போயிருக்கிறது. பாவிகள்! சபீனோ என்னை இழுத்துக்கொண்டு போன் கடைக்கு ஓடினான்.

"பொய்னு சொல்லு, கொம்பாத்ரே."

நானும் ரிசீவரில் காதை ஒட்டவைத்தேன். ஒரேஸ்தேயின் குரல் எனக்கும் கேட்டது.

"வெனிசுலாவுக்குன்னு சொன்னாங்க. துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கி விமானத்துல வச்சவங்கள்ல நானும் இருந்தேன்."

சபீனோ திட்டவில்லை.

"அன்னிக்கும் மெழுகுவத்தி வச்சியா?"

"வச்சேன்."

சபீனோ போனை வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து கற்றையை எடுத்தான். கல்லறைக்குப் போய் நாடாவை அவிழ்த்து எறிந்தான். முடியை மட்டும் மகன் தலைமாட்டில் கையாலேயே தோண்டிப் புதைத்தான். எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மாமாவே வெட்டியிருக்கலாம்க்கா," என்றான்.

பன்னிரண்டு வருடமாக அதைத்தான் நான் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவன் வாயால் கேட்டபோது, அவன் கையிலிருந்த மண்ணை என் பாவாடையில் துடைத்துவிட்டேன்.